அவுட்லுக் வைத்தியர்

அவுட்லுக் வைத்தியர் என்று இங்கே குறிக்கப்படுபவர், மருத்துவப் பட்டமோ கணினிப் பட்டமோ பெற்றிராதவரும், ஆயினும் மேசைக் கணினியில் மின்னஞ்சல் மென்பொருள் உறைந்துபோன வீட்டுக்கு முதலில் அழைக்கப்படுபவருமான ஒரு பெங்களூருவாசி ஆவார். மின்னஞ்சல் மென்பொருள் என்று இங்கே சொல்வது உலாவியில் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடும் வகையைச் சேர்ந்ததன்று. கணினியிலேயே நிறுவப்பட்டு, வரும் கடிதங்களை அந்தக் கணினியின் வட்டுக்கு இறக்கி, அங்கேயே பெருங்கோப்பு ஒன்றில் அடுக்கி வைத்துக்கொள்ளும் அவுட்லுக், தண்டர்பேர்ட் முதலியவற்றையே அது குறிக்கும். கைப்பேசியோடு வளர்ந்த தலைமுறை இவற்றை அறியாது என்றாலும், தணிக்கையாளர் அலுவலகங்கள், பீன்யாவின் சிறுதொழிற்கூடங்கள், வழக்கறிஞர்களின் முன்னறைகள், பொதுத்துறையிலிருந்து ஓய்வு பெற்றோரின் படிப்பறைகள் ஆகிய இடங்களில் இவை இன்றும் உயிரோடிருக்கின்றன. உயிரோடிருப்பதால்தான் அவ்வப்போது மயங்கியும் விழுகின்றன.

இந்த நகரத்தில் இப்படியொருவர் தேவைப்படுவதே ஆய்வாளரைத் திகைக்க வைக்கும் செய்தியாகும். 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் தன் வடிவமைப்பு மையத்தை இங்கே தொடங்கிய காலம்தொட்டு உலகத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துவரும் ஊர் இது. எந்த அடுக்ககத்தின் லிப்டில் ஏறினாலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பொறியாளர் ஒருவரோடு தோள் உரசாமல் இறங்க முடியாது. ஆனால் அப்படிப்பட்ட மூவரிடம் போய் ‘அவுட்லுக் திறக்க மாட்டேன் என்கிறது’ என்று முறையிட்டால், ஒருவர் தாம் மேகக் கணிமையில் இருப்பதாகவும், மற்றவர் தாம் செயற்கை நுண்ணறிவுக்கு மாறிவிட்டதாகவும், மூன்றாமவர் தம்மிடம் இருப்பது மேக் என்பதால் விண்டோஸைத் தொட்டே பல ஆண்டுகள் ஆயின என்றும் விடையளித்துவிட்டு, அவரவர் தளத்தில் இறங்கிக்கொள்வர். மூவர் சொல்வதும் உண்மைதான். இவர்களினும் பெரிய சோதனை, அஞ்சல் வழங்கிகளுக்கு நிரல் எழுதும் குழுவிலேயே வேலை பார்க்கும் மகள். தந்தையின் அவுட்லுக் நின்றுவிட்டது என்று கேட்டதும் ‘ஜிமெயிலுக்கு மாறிடுங்கப்பா, எத்தனை வாட்டி சொல்றது’ என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்வதில்லை. அறிவுரை சரியானதே, இருபதாண்டுக் கடிதங்களை யார் சுமந்து போய் அங்கே இறக்குவது என்ற கேள்விக்கு மட்டும் அதில் இடமில்லை.

ஆக, வைத்தியர் மென்பொருள் துறையிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் கணக்குப் பிரிவிலிருந்து வருகிறார். சிவாஜிநகரிலோ ராஜாஜிநகரிலோ உள்ள ஒரு தணிக்கையாளரிடம் டேலி மென்பொருளில் கணக்கு பார்க்கும் மூத்த உதவியாளராக அவர் இருப்பார். வணிகம் பயின்ற ஒருவர் இக்கலையைக் கற்றது ஆர்வத்தால் அன்று, அச்சத்தால். 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில், மாதந்தோறும் கணக்கு கொடுப்போர் தம் சுருக்கக் கணக்கை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்; அந்த 20ஆம் தேதியன்று, வாடிக்கையாளர்கள் அனுப்பிய விலைப்பட்டியல்களையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டு அவுட்லுக் படுத்துவிட்டால், அது தானாக எழுந்திருக்கும்வரை அலுவலகம் காத்திருக்க இயலாது. யாராவது ஒருவர் கற்றுக்கொண்டே தீர வேண்டும் என்னும் நிலையில், அந்த யாராவது இவர் ஆனார்.

இவருடைய குருமார்களின் காலம் இன்னும் கடுமையானது. அவுட்லுக், கடிதம், நாள்காட்டி, முகவரி ஆகிய அனைத்தையும் பிஎஸ்டி என்னும் பின்னொட்டுடைய ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும் பழக்கமுடையது. 2002 வரையிலான பதிப்புகளில் இந்தக் கோப்பு 2 ஜிபி என்ற எல்லையை மீறலாகாது, மீறினால் திறக்காது. அவ்வாறு மீறிய கோப்புக்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய மருந்து, கோப்பின் ஒரு பகுதியை அறுத்தெறிந்துவிட்டு மிச்சத்தைப் பிழைக்க வைக்கும் சிறு கருவி ஒன்றாகும். எந்தக் கடிதங்கள் போகும் என்று முன்கூட்டிச் சொல்லும் பொறுப்பை அக்கருவி ஏற்றுக்கொள்ளவில்லை. 2003ஆம் பதிப்பு இயல்பு எல்லையை 20 ஜிபிக்கும், 2010ஆம் பதிப்பு 50 ஜிபிக்கும் உயர்த்தியதால் அறுவைச் சிகிச்சைக் காலம் முடிவுக்கு வந்தது. மூத்த வைத்தியர்கள் அக்காலத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வர்; ‘ரெண்டு வருஷத்து பர்ச்சேஸ் ஆர்டர் மொத்தமா போச்சு சார்’ என்று சொல்லிவிட்டு, எந்தக் கம்பெனியுடையது என்பதை மட்டும் சொல்லாமல் விடுவர்.

நோயாளி என்பது கணினியா, கணினியின் உரிமையாளரா என்பது வைத்தியருக்கே இறுதிவரை தெளிவாவதில்லை. உரிமையாளர்களுள் தலையாயவர், 1940இல் தோன்றிய எச்.ஏ.எல்., 1948இல் தோன்றிய ஐ.டி.ஐ., 1954இல் தோன்றிய பி.இ.எல். ஆகிய பொதுத்துறை நிறுவனங்களுள் ஒன்றில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, ராமமூர்த்தி நகரிலோ ஜாலஹள்ளியிலோ வீடு கட்டிக்கொண்ட தமிழ் அதிகாரி ஆவார். வந்த தாள் ஒவ்வொன்றுக்கும் கோப்பெண் கொடுத்துப் பழகிய அவர் மின்னஞ்சலையும் அவ்வாறே நடத்துகிறார். ‘ஓய்வூதியம்’, ‘ஓய்வூதியம் முக்கியம்’, ‘ஓய்வூதியம் மிக முக்கியம்’ என்று மூன்று உறைகள். ‘மகன் நியூஜெர்சி’ என்றோர் உறை. கீசர் இறந்து வெகுகாலமாகியும் அழியாதிருக்கும் ‘கீசர் வாரண்டி’ என்றோர் உறை. இப்பிள்ளையார் படத்தைப் பதினொரு பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு விளையும் என்று 2004இல் எவரோ அனுப்பிய கடிதமும் அங்கே உண்டு. அனுப்ப மனம் வரவில்லை, அழிக்கத் துணிவு வரவில்லை என்பதால் அது இருபதாண்டுகளாக நடுவில் நிற்கிறது. ஆயினும் இவையெல்லாம் சிறு ஆபத்துகளே. பேராபத்து, அழித்த கடிதங்கள் சென்று சேரும் ‘டெலீட்டட் ஐட்டம்ஸ்’ உறையையே மிக முக்கியமான கடிதங்களுக்குரிய பெட்டகமாகப் பயன்படுத்துவோரிடம் உள்ளது. நீக்கும் விசையைத் தட்டினால் கடிதம் கண்ணெதிரிலிருந்து ஒதுங்கி ஓரிடத்தில் பத்திரமாகப் போய் உட்காருகிறது என்று கண்டுகொண்ட இவர்கள், வருமான வரி ரசீதுவரை அங்கேதான் வைத்திருப்பர். அந்த உறையைக் கேளாமல் காலி செய்த இளம் வைத்தியர்கள் பிறகு அத்தெருப் பக்கமே போவதில்லை.

வைத்தியர் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறார். சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ் தொங்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. வந்ததும் கணினியைத் தொடுவதில்லை. நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, திரையைத் துணியால் துடைத்துவிட்டு, வரலாறு கேட்கத் தொடங்குகிறார்.

‘எப்பலேர்ந்து சார் இப்படி?’

‘நேத்து ராத்திரிவரைக்கும் நல்லாத்தான் இருந்தது தம்பி.’

‘புதுசா ஏதாவது போட்டீங்களா?’

‘ஒண்ணுமே போடலையே.’

இந்தக் கடைசி விடை எல்லா வீடுகளிலும் ஒரே சொற்களில் வருவதும், எல்லா வீடுகளிலும் பொய்யாக இருப்பதும் குறிப்பிடத்தக்கவை. பொய் சொல்வோர் பொய் என்று அறிந்து சொல்வதில்லை; பேரன் போன வாரம் வந்திருந்தபோது பிடிஎஃப் ஆக்கும் கருவியொன்றை நிறுவினான் என்பதும், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பித்தபோது தன்னையும் புதுப்பித்துக்கொண்டது என்பதும் அவர்களுடைய கணக்கில் ‘போடுவது’ ஆகாது.

முதல் மருந்து யாவர்க்கும் ஒன்றே. தமிழர் வீட்டில் ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?’ என்றும், கன்னடர் வீட்டில் ‘ரீஸ்டார்ட் மாடி நோடி’ என்றும் மொழி மாறுமேயன்றி மருந்து மாறாது. உரிமையாளர் இதனால் புண்படுகிறார். இரவே கணினியை முறைப்படி அணைத்துவிட்டுக் காலையில் மீண்டும் போட்டதாகச் சொல்கிறார். வைத்தியர் அதைக் காதில் வாங்காமல் மறுதொடக்கம் செய்கிறார், அவுட்லுக் திறந்துவிடுகிறது. இதை அவருடைய கைராசி என்று வீட்டார் நம்புவதும், அவரே நம்புவதும் உண்டு. உண்மையில், 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ என்னும் கட்டளை கணினியை முற்றிலும் உறங்க வைப்பதில்லை. மறுநாள் விரைந்து எழ வேண்டும் என்பதற்காக இயக்கு தளத்தின் கருப்பகுதியை அப்படியே வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, காலையில் அதையே திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்கிறது. நேற்றைய கோளாறு இவ்வழியாக இன்றைக்கும் வந்து சேரலாம். ‘ரீஸ்டார்ட்’ கட்டளைக்கு இந்தச் சலுகை இல்லை. அது அனைத்தையும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. அணைத்துப் போட்டவரும் பொய் சொல்லவில்லை, மறுதொடக்கம் செய்தவரும் வித்தை செய்யவில்லை. ஏன் பலிக்கிறது என்று அறியாமலே பலிக்கும் மருந்தைக் கொடுப்பவர் என்ற வகையில் இவர் தம் பட்டப்பெயருக்கு முழுத் தகுதியுடையவர்.

மறுதொடக்கத்துக்கும் அசையாத நோய்களில்தான் இவருடைய உண்மையான முகம் தெரிகிறது. உறைதல், விழுதல் என்னும் இரண்டையும் இவர் பிரித்தறிவார், உரிமையாளர் பிரிப்பதில்லை. விழுதல் என்பது மென்பொருள் சட்டென்று மூடிக்கொண்டு மறைந்துவிடுவது. உறைதல் என்பது சாளரம் அங்கேயே இருக்க, எந்தச் சொடுக்குக்கும் அசையாமல் திரை வெளுத்து, தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்ற சொற்கள் தோன்றுவது. விண்டோஸ் ஒரு மென்பொருளிடம் பயனரின் சொடுக்குகளை வரிசையில் வைத்துக் காத்திருக்கிறது. 5 விநாடி ஆகியும் அம்மென்பொருள் வரிசையைத் திரும்பிப் பார்க்காவிட்டால், அது பதில் சொல்லும் நிலையில் இல்லை என்று தீர்மானித்து, அதன் இடத்தில் வெளுத்த பிரதியொன்றை நிறுத்துகிறது. ஆகவே அச்சொற்கள் மரண அறிவிப்பு அல்ல. 12 ஜிபி கோப்பில் எதையோ தேடிக்கொண்டிருக்கும் அவுட்லுக் வெறுமனே தலை நிமிராமல் இருக்கலாம். இதை உணராத உரிமையாளர் அடுத்த ஒரு நிமிடத்தில் நாற்பது முறை சொடுக்குகிறார்; நாற்பதும் வரிசையில் சேர்கின்றன. அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, மூடிய துணியோடு பதினெட்டு ஆண்டுகள் நின்றிருந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது என்பதை நினைவிற்கொள்ளும் பெங்களூர்த் தமிழர், அவுட்லுக்குக்கு மட்டும் ஒரு நிமிடம் பொறுப்பதில்லை என்பது வியப்புக்குரியது.

இரண்டாம் மருந்து ‘சேஃப் மோட்’. அவுட்லுக்கின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் துணைக்கருவிகள், அதாவது பிடிஎஃப் ஆக்குவது, கூட்டத்துக்கு அழைப்பது, வைரஸ் பார்ப்பது எனப் பிற நிறுவனத்தார் ஒட்டிவிட்ட சிறு நிரல்கள் எவையும் இல்லாமல் அவுட்லுக்கை மட்டும் தனியே எழுப்பும் முறை இது. கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி அவுட்லுக்கைத் திறந்தாலே போதும். வைத்தியர்களுள் பழமைவாதிகளோ ‘ரன்’ பெட்டியைத் திறந்து, நிரலின் பெயரை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடிட்டு, ‘சேஃப்’ என்று முடிப்பதையே முறை என்று கருதுவர். அந்த ஓர் இடைவெளி விடுபட்டால் கட்டளை பலிக்காது. தொலைபேசியில் இதைச் சொல்லிக்கொடுக்க நேரும்போது ‘ஸ்பேஸ் சார், ஸ்பேஸ்’ என்று அவர் எழுப்பும் ஓசை பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். இம்முறையில் அவுட்லுக் நோயின்றி எழுந்துவிட்டால் குற்றவாளி துணைக்கருவிகளுள் ஒன்று என்பது உறுதியாகிறது. பிறகு ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதுதான் வேலை. பேரனின் பெயர் இக்கட்டத்தில்தான் வெளிவருகிறது. வைத்தியர் அதைச் சொல்வதில்லை. ‘யாரோ ஏதோ போட்டிருக்காங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொள்கிறார்.

மூன்றாம் மருந்து கோப்பையே தாக்கிய நோய்க்குரியது. அவுட்லுக் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், யூபிஎஸ் தன் கடமையைச் செய்யத் தவறினால், பிஎஸ்டி கோப்பின் உட்கட்டு சிதைகிறது. இதற்கு மைக்ரோசாஃப்டே ‘ஸ்கேன்பிஎஸ்டி’ என்றொரு பழுதுநீக்கியை ஆபிஸ் தொகுப்போடு சேர்த்துத் தருகிறது; தருகிறதே தவிர எந்தப் பட்டியலிலும் காட்டுவதில்லை. நிரல் கோப்புகளுக்குள் உறைக்குள் உறையாகப் போய் அதைத் தேடி எடுக்க வேண்டும். அந்த இடம் தெரிவதுதான் வைத்தியரின் மொத்தப் படிப்பு என்று கூறுவாரும் உளர். பழுதுநீக்கி கட்டம் கட்டமாகக் கோப்பைத் துருவுகிறது. பெரிய கோப்பென்றால் மணிக்கணக்கில் ஆகும்; வைத்தியர் மதிய உணவுக்குத் தங்குவது இவ்வாறே. ஊதியம் என்று அவர் எதையும் வாங்குவதில்லை. காபி வரும், தட்டில் காங்கிரஸ் கடலை வரும். பெங்களூருக்கே உரிய ‘பை டூ’ முறைப்படி ஒரு காபியை இரண்டு தம்ளரில் பகிர்ந்து தந்தாலும் அவர் வருந்துவதில்லை. உரிமையாளர் அருகில் அமர்ந்து, தாம் பணியிலிருந்தபோது ஓர் இயந்திரம் நின்றால் எப்படிச் சரி செய்வார்கள் என்பதை விவரிக்கிறார். இறுதியில் பிழைகள் இருப்பதாக அறிவிப்பு வருகிறது. ‘ரிப்பேர்’ பொத்தான் அழுத்தப்படுகிறது. கட்டு அறுந்த கடிதங்கள் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற உறையில் போய் விழுகின்றன. உரிமையாளர் முதலில் தேடுவது பிள்ளையார் கடிதத்தை.

தண்டர்பேர்ட் பயன்படுத்துவோர் தனிச் சாதியினர். 2004 டிசம்பரில் முதற்பதிப்பு வெளிவந்த அந்தத் திறமூல மென்பொருளை அவர்கள் நம்பிக்கையின் காரணமாகத் தேர்ந்தவர்கள் ஆதலால், அது உறைந்தாலும் உறைந்ததாக ஒப்புக்கொள்வதில்லை. அங்கே நீக்கிய கடிதம் நீக்கியதாகக் குறிக்கப்படுகிறதே தவிர, ‘காம்பேக்ட்’ என்னும் சுருக்கல் நடக்கும்வரை கோப்பிலேயே இருக்கிறது. நோயின் பாதி அதில்தான். வைத்தியர் அவ்வீடுகளுக்கு அதிகம் போவதில்லை. அங்கே அறிவுரை சொல்ல உரிமையாளரே முன்வந்துவிடுகிறார்.

வைத்தியருக்குப் போட்டியாளரும் உண்டு. எஸ்.பி. ரோடு என்று ஊரார் சொல்லும் சதர் பத்ரப்பா சாலையின் கணினிக் கடைக்காரர் எந்த நோய்க்கும் ‘ஃபார்மேட்’ என்னும் ஒரே மருந்தைத் தருவார். நோய் உறுதியாகத் தீரும், கடிதங்களும் தீரும். நியூஜெர்சி மகன் இரவில் இணையவழியே தந்தையின் திரைக்குள் புகுந்து, சுட்டியை ஆவிபோல் ஓட்டி, ஏதோ ஒன்றைச் சரிசெய்து வேறொன்றை மாற்றிவிட்டுப் போவான். அடுத்த ஞாயிறு அந்த வேறொன்றுக்காக வைத்தியர் வர வேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்யும் வைத்தியர் ஒன்றை மட்டும் செய்வதில்லை: நோயின் மூலத்தைச் சொல்வதில்லை. கடிதங்கள் மிதமிஞ்சிப் போயின, பாதியை அழித்துக் கோப்பைச் சுருக்கினால் இனி நான் வரவேண்டியதில்லை என்னும் ஒரு வாக்கியம் அவருக்குத் தெரியும். உரிமையாளருக்கும் தெரியும். மகன் அனுப்பிய முதல் கடிதத்தையும் கீசர் வாரண்டியையும் ஒரே தராசில் வைத்து, எது போகலாம் என்று கேட்கும் அந்த வாக்கியத்தைச் சொல்பவருக்குக் காபி கிடைக்காது என்பது ஒரு காரணம். ‘ஆர்க்கைவ் பண்ணி வெச்சிருக்கேன் சார், எதுவும் போகல’ என்று சொல்லி, ஒரு பிஎஸ்டியை இரண்டாகப் பிரித்துவிட்டுப் புறப்படுவதே அவர் கண்ட சமரசம். ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, அதாவது கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்னும் இந்நகரத்துப் பொது நெறிக்கு அது முற்றிலும் உடன்பட்டதும் ஆகும்.

இவ்வினத்தார் அனைவரும் ஒருசேரச் சோதிக்கப்பட்ட நாள் ஒன்றுண்டு. கொரோனாவை முன்னிட்டு 2020 ஜூலை 14 இரவு 8 மணி முதல் பெங்களூரு ஒரு வாரத்துக்கு மீண்டும் முடக்கப்பட்டது. ஊரே வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், ஜூலை 15ஆம் தேதி, உலகெங்கும் விண்டோஸ் கணினிகளில் அவுட்லுக் திறந்த கணமே மூடிக்கொண்டது. மென்பொருள் தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டதற்குரிய பிழைக்குறியீடு ஒன்றைத் தவிர வேறு தடயமில்லை. வைத்தியரால் வீடுவீடாகப் போக முடியவில்லை. தொலைபேசி வழியே தம் மருந்துகள் அனைத்தையும் வரிசையாகக் கொடுத்தார். எதுவும் பலிக்கவில்லை. ஏனெனில் குற்றம் நோயாளிகளிடம் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்தில் செய்த மாற்றமொன்று அத்தனை பேரையும் வீழ்த்தியிருந்தது. அந்நிறுவனம் பிழையைக் கண்டறிந்து திருத்தத்தைத் தானே அனுப்பிவைத்தது. அதைப் பெறுவதற்குப் பயனர் செய்யவேண்டியிருந்தது அவுட்லுக்கை மூடி மறுபடி திறப்பது மட்டுமே. ‘ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்’ என்று வைத்தியர் எப்போதும்போல் சொல்லிவைத்ததைப் பொழுது விடிந்ததும் செய்து பார்த்த வீடுகளிலெல்லாம் அவுட்லுக் திறந்தது. பாராட்டுகள் வந்தன. அவர் மறுக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் இப்போது முன்வைக்கும் புதிய அவுட்லுக், பெயரில் மட்டுமே பழையதற்கு உறவினர். பிறர் ஒட்டும் பழைய பாணித் துணைக்கருவிகளை அது ஏற்பதில்லை. கடிதங்களைப் பெரிதும் மேகத்திலேயே விட்டுவைக்கிறது. பிஎஸ்டி கோப்பை அரைமனத்தோடுதான் அருகில் சேர்க்கிறது. வைத்தியரின் மூன்று மருந்துகளில் முதலாவதைத் தவிர மற்றவற்றுக்கு அங்கே வேலையில்லை. எனினும் பழைய அவுட்லுக்கைக் குறைந்தது 2029 வரை ஆதரிப்பதாக அந்நிறுவனம் அறிவித்திருப்பதால், இவ்வினம் உடனே அருகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அவரை அழைக்க எண்ணுவோர் மாதத்தின் 20ஆம் தேதியை மட்டும் தவிர்த்துக்கொள்வது நலம். அன்று அவர் தம் அலுவலக அவுட்லுக்கின் பக்கத்தைவிட்டு நகரமாட்டார்.